நஞ்சுகள் காட்டிய வாயில்: ஏற்பி என்னும் கருத்தின் வரலாறு

மனித உடலின் பல இலட்சம் கோடி செல்கள் ஒன்றோடொன்று இணங்கி இயங்குவது வேதிப்பொருள்களின் வழியே நடக்கும் செய்திப் பரிமாற்றத்தால் என்பதும், ஒரு செல் வெளியிடும் மூலக்கூறை மற்றொரு செல்லின் மேற்பரப்பிலோ உட்புறத்திலோ உள்ள தனிப்பட்ட புரதம் ஒன்று பற்றிக்கொள்ளும்போதே அச்செய்தி செயலாகிறது என்பதும் இன்று பள்ளிப் பாடநூல்களிலேயே இடம்பெற்றுவிட்டன. செய்தியைப் பெறும் அந்தப் புரதம் ஏற்பி எனப்படுகிறது. பாடநூலின் வண்ணப் படத்தில் செல் சவ்வை ஊடுருவி நிற்கும் பொருளாக அது தெளிவாகத் தெரிவதால், தொடக்கம் முதலே அது கண்ணுக்குப் புலப்பட்ட ஒன்றாக இருந்திருக்கும் என்ற எண்ணம் மாணவருக்கு எளிதில் ஏற்பட்டுவிடுகிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. ஏற்பி என்ற கருத்து 1905-ஆம் ஆண்டளவில் உருப்பெற்றது. அதைத் தனிப்பொருளாகப் பிரித்தெடுக்க 1970-கள் வரையும், அதன் அமைப்பை அணு அணுவாகக் காண இந்த நூற்றாண்டு வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் அது விளைவுகளை மட்டும் கொண்டு உய்த்துணரப்பட்ட ஒரு பொருளாகவே உடலியலாளரின் எழுத்துகளில் நிலைபெற்றிருந்தது.

அந்த உய்த்துணர்வுக்குச் சான்றுகளாக அமைந்தவை நஞ்சுகள். அம்பு முனையில் தடவப்பட்ட கியூராரே, புகையிலையின் நிகோட்டின், காளானிலிருந்து கிடைத்த மஸ்கரின், ஆப்பிரிக்க அவரை வகை ஒன்றின் எஸரின், கட்டுவிரியன் இனப் பாம்பின் விடம் ஆகியவை உடல் முழுவதையும் கண்மூடித்தனமாகச் சிதைப்பவை அல்ல. செல்களுக்கிடையே செய்தி கைமாறும் ஏதோ ஓர் இடத்தைத் தேர்ந்து, அந்த இடத்தை மட்டும் தாக்குபவை. எந்த இடம் என்று கேட்கத் தொடங்கியவர்களே இத்துறையை உருவாக்கினர். ஆகவே இந்த வரலாற்றை நோபல் பரிசு பெற்றோரின் வரிசையாகச் சொல்வதைக் காட்டிலும் நஞ்சுகளின் வரிசையாகச் சொல்வதே நடந்ததற்கு நெருக்கமாக இருக்கும்.

முதலில் வருவது கியூராரே. ஓரினோகோ, அமேசான் ஆற்றுப் படுகைகளில் வாழும் தென் அமெரிக்கத் தொல்குடியினர் கொடிகளின் பட்டையிலிருந்து காய்ச்சி எடுத்த இந்தப் பிசின், இரத்தத்தில் கலந்தால் விலங்கின் தசைகளைத் தளரச் செய்து மூச்சை நிறுத்திவிடும்; குடலின் வழியே எளிதில் உறிஞ்சப்படாததால் அவ்வாறு வேட்டையாடிய இறைச்சியை உண்பதில் தீங்கில்லை. பாரிசில் கிளாடு பெர்னார் 1840-களிலும் 1850-களிலும் இந்நஞ்சைக் கொண்டு தவளைகளில் செய்த சோதனைகள் இன்றளவும் எளிமைக்கும் கூர்மைக்கும் முன்மாதிரியானவை. தவளையின் ஒரு பின்னங்காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களை மட்டும் கட்டி, நரம்பை விட்டுவைத்து, முதுகுத் தோலின் அடியில் அவர் கியூராரேயைச் செலுத்தினார். கட்டப்பட்ட காலைத் தவிர மற்றெல்லா உறுப்புகளையும் நஞ்சு சென்றடைந்தது. நஞ்சேறிய காலின் நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது தசை அசையவில்லை. அதே தசையை நேரடியாகத் தூண்டியபோது அது நன்றாகவே சுருங்கியது. நஞ்சேறிய தோலைக் கிள்ளினால் நஞ்சேறாத கால் உதறிக்கொண்டது. எனவே உணர்ச்சி நரம்புகள் கெடவில்லை என்பதும் தெளிவாயிற்று. நரம்பை மட்டும் நஞ்சுக் கரைசலில் மூழ்க வைத்தால் எதுவும் நேரவில்லை. தசையை மூழ்க வைத்தபோதே நரம்பின் ஆணை தசையைச் சேராமல் போயிற்று. நரம்பும் கெடவில்லை, தசையும் கெடவில்லை என்றால் கெட்டது எது என்ற கேள்விக்கு, இயக்க நரம்பே செயலிழக்கிறது என்பதையே பெர்னார் விடையாகக் கொண்டார். அவருடைய சோதனை அவருடைய விடையைத் தாண்டிச் சென்றிருந்தது; இரண்டுக்கும் இடையில் மூன்றாவது ஒன்று இருக்கலாம் என்று சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

அதைச் சொன்னவர் கேம்பிரிட்ஜின் ஜான் நியூபோர்ட் லாங்லி. அங்கே மைக்கேல் ஃபாஸ்டர் உருவாக்கிய உடலியல் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்த அவரிடம், 1870-களின் நடுவில், பிரேசில் நாட்டு ஜபோரண்டி இலையின் சாறு ஆய்வுக்காகக் கொடுக்கப்பட்டது. அந்தச் சாறு உமிழ்நீரைப் பெருக்கும். பெல்லடோனா செடியின் அட்ரோபின் அதை நிறுத்தும். தமிழர் நன்கறிந்த ஊமத்தையின் நஞ்சும் இந்த அட்ரோபின் வகையைச் சேர்ந்ததே. ஊமத்தை விதையை உண்டவருக்கு வாய் வறண்டு போவதன் காரணமும் இதுவே. பூனையின் தாடைக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் லாங்லி இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செலுத்திப் பார்த்தார். எது மிகுதியாக இருக்கிறதோ அது வென்றது. மற்றதன் அளவைக் கூட்டினால் நிலைமை மீண்டும் புரண்டது. இரு பொருள்களும் சுரப்பிச் செல்லிலோ நரம்பு முனையிலோ உள்ள ஒரே பொருளோடு, தத்தம் அளவுக்கும் ஈர்ப்புக்கும் ஏற்ப, வேதி முறையில் கூடுகின்றன என்று 1878-இல் அவர் எழுதினார். அப்போது அவருக்கு வயது 25. பிற்காலத்தில் சமன்பாடுகளாக வளர்ந்த போட்டித் தடை என்னும் கருத்து முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. எழுதியவரே நெடுங்காலம் அதைத் தொடர்ந்து பேசவில்லை என்பதால் அதன் பெருமை குறைந்துவிடாது.

அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் லாங்லி நிகோட்டினோடு செலவிட்டார். நரம்பு இழைகள் முடிச்சிட்டுச் சேரும் இடங்களில் நிகோட்டினைத் தூரிகையால் தடவினால், முதலில் தூண்டலும் பிறகு தடையும் ஏற்படுகின்றன என்பதை அவரும் டிக்கின்சனும் 1889-இல் கண்டனர். எந்த இழை எந்த முடிச்சில் முடிகிறது, எது நிற்காமல் கடந்து செல்கிறது என்று உடல் முழுவதற்கும் வரைபடம் தயாரிக்க அந்த நஞ்சே கருவியாயிற்று. இதயம், குடல், சுரப்பிகள் ஆகியவற்றை நம் விருப்பத்தைக் கேளாமல் இயக்கும் நரம்புகளின் தொகுதி, தானியங்கு நரம்பு மண்டலம் என்ற பெயரோடு அறிவியலில் நிலைபெற்றது இந்த உழைப்பால்தான். கடன்பட்டு நின்ற உடலியல் இதழ் ஒன்றைத் தம் பொறுப்பில் ஏற்று, 1925-இல் இறக்கும்வரை கண்டிப்பான ஆசிரியராக நடத்தியவரும் அவரே. வந்த கட்டுரைகளைத் தயவின்றித் திருத்தியவர் என்று பெயர் பெற்ற அந்த மனிதர், தம்முடைய முடிவுகளிடமும் அதே கண்டிப்பைக் காட்டினார் என்பதற்கு 1905-ஆம் ஆண்டின் கோழிச் சோதனை சான்று.

மயக்கமூட்டிய கோழியின் சிரையில் நிகோட்டினைச் செலுத்தியபோது அதன் கால் தசைகள் மெல்லச் சுருங்கி விறைத்து, சில நிமிடங்கள் அவ்வாறே நின்றன. கியூராரேயைச் செலுத்தியதும் விறைப்பு தளர்ந்தது. நிகோட்டினின் அளவைக் கூட்டியதும் ஓரளவு மீண்டும் வந்தது. இரண்டும் நரம்பு முனையில் செயல்படுகின்றன என்பதே அக்காலத்தின் பொதுக் கருத்து. லாங்லி தசைக்குச் செல்லும் நரம்பை வெட்டி, அதன் முனைகள் சிதைந்து மறையும்வரை நாட்கணக்கில் காத்திருந்து, பிறகு சோதனையைத் திரும்பச் செய்தார். நரம்பு முனையே இல்லாத தசையும் நிகோட்டினுக்குச் சுருங்கியது, கியூராரேக்குத் தளர்ந்தது. ஆகவே இரு நஞ்சுகளும் தசைச் செல்லின் மேலேயே செயல்படுகின்றன. ஆனால் கியூராரேயால் தளர்ந்த தசையை மின்சாரத்தால் நேரடியாகத் தூண்டினால் அது தடையின்றிச் சுருங்குகிறது. எனவே சுருங்கும் பொருளை அந்நஞ்சு தொடவில்லை. நரம்பு முனையும் அல்லாத, சுருங்கும் பொருளும் அல்லாத வேறொன்று, தசைச் செல்லுக்குள்ளேயே, வெளியிலிருந்து வரும் வேதித் தூண்டலைப் பெற்றுச் சுருங்கும் பகுதிக்குக் கடத்திவிடுகிறது என்பதைத் தவிர வேறு முடிவுக்கு இடமில்லை. ஏற்கும் பொருள் என்று லாங்லி அதை அழைத்தார். மறு ஆண்டு ராயல் சொசைட்டியில் நிகழ்த்திய குரூனியன் சொற்பொழிவில் அதைச் செல்களின் பொதுப் பண்பாகவே விரித்துரைத்தார். பெர்னார் விட்டுச்சென்ற கேள்விக்கு விடை கிடைத்த இடம் இதுவே. உயிரியலில் ஒரு பொருளை யாரும் காணாமல், அது இருந்தே தீர வேண்டும் என்று இவ்வளவு துல்லியமாக நிறுவிய வாதங்கள் மிகச் சிலவே.

ஜெர்மனியில் பால் எர்லிக் வேறொரு வாசலின் வழியே இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். தொண்டை அடைப்பான் போன்ற நோய்களின் நச்சுகள் செல்களைத் தாக்குவதையும், உடல் அவற்றுக்கு எதிர்ப்பொருள்களை உண்டாக்குவதையும் விளக்க, செல்லின் மேல் பக்கச் சங்கிலிகள் போன்ற அமைப்புகள் உண்டு என்று 1897-இல் அவர் கருதினார். 1900-இல் மார்கன்ராத்துடன் சேர்ந்து அவற்றுக்கு ஏற்பி என்ற பெயரை வழங்கினார். எனினும் மருந்துகளும் அவ்வாறு பற்றுகின்றன என்பதை அவர் சில ஆண்டுகள் மறுத்தே வந்தார். திசுவிலிருந்து எளிதில் கழுவி நீக்கத்தக்க மருந்து அங்கே வேதி முறையில் பிணைந்திருக்க முடியாது என்பது அவர் வாதம். ஆர்செனிக் மருந்துகளுக்கு ஒட்டுண்ணிகள் பழகி எதிர்ப்புப் பெறுவதைத் தம் ஆய்வுக்கூடத்தில் கண்டபின், 1907-இல் அவர் மருந்துகளுக்கும் ஏற்பிகள் உண்டு என ஒப்புக்கொண்டார். இவ்வாறு பொருள் கேம்பிரிட்ஜிலிருந்தும் பெயர் ஜெர்மனியிலிருந்தும் வந்து ஒன்றாயின.

ஏற்பவர் இருந்தால் அனுப்புபவரும் இருக்க வேண்டும். அந்தப் பாதியின் வரலாறு 1902 ஜனவரியில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடந்த ஒரு சோதனையோடு தொடங்குகிறது. இரைப்பையிலிருந்து அமிலம் சிறுகுடலைச் சேர்ந்ததும் கணையம் செரிமான நீரைச் சுரப்பது நரம்புகளின் ஏவலால் என்பதே ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் பள்ளி நிலைநாட்டியிருந்த கருத்து. வில்லியம் பெய்லிசும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் மயக்கமூட்டிய நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குச் செல்லும் நரம்புகள் அனைத்தையும் அறுத்துவிட்டு, அதனுள் அமிலத்தை ஊற்றினர். கணையம் முன்போலவே சுரந்தது. நரம்பு இல்லையென்றால் செய்தி இரத்தத்தின் வழியேதான் சென்றிருக்க வேண்டும். குடலின் உட்படலத்தைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, அந்த நீரை நாயின் சிரையில் செலுத்தியதும் கணையம் மீண்டும் சுரக்கத் தொடங்கியது. செக்ரடின் என்று அவர்கள் பெயரிட்ட அந்தப் பொருளே, இரத்தத்தில் பயணம் செய்து தொலைவிலுள்ள உறுப்பை ஏவும் வேதித் தூதுவர்கள் இருப்பதை ஐயமற நிறுவியது. இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பொதுப்பெயரை ஸ்டார்லிங் 1905-இல் வழங்கினார். தம் ஆய்வுக்கூடத்திலேயே சோதனையைச் செய்து பார்க்கச் செய்து, முடிவு உறுதியானதும் பாவ்லோவ் அதை ஏற்றுக்கொண்டது அவருடைய நேர்மைக்கு அடையாளம்.

இரத்தத்தில் நெடுந்தொலைவு செல்லும் செய்தி ஒருபுறம் இருக்க, நரம்பின் முனைக்கும் அடுத்த செல்லுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியைச் செய்தி கடப்பது எப்படி என்பது தனிக் கேள்வியாக நின்றது. அண்ணீரகச் சுரப்பியின் சாறு இரத்த அழுத்தத்தை உயர்த்துவதை ஆலிவரும் ஷேஃபரும் 1894-இல் கண்டிருந்தனர். அதன் சத்தான அட்ரினலின் சில ஆண்டுகளில் தூய்மையாகக் கிடைத்தது. லாங்லியின் மாணவர் எலியட், பரிவு நரம்புகளைத் தூண்டினால் எந்த உறுப்பில் எந்த விளைவு ஏற்படுகிறதோ அதே விளைவை அட்ரினலினும் ஏற்படுத்துவதைக் கண்டு, நரம்பு முனையிலேயே ஒவ்வொரு துடிப்பின்போதும் அட்ரினலின் வெளியிடப்படுகிறதோ என்று 1904-இல் எழுதினார். மிகச் சரியான திசையில் எடுத்து வைத்த அடி அது. ஆனால் மறு ஆண்டின் நீண்ட கட்டுரையில் அவரே அதை வெளிப்படையாக வலியுறுத்தவில்லை. பின்னர் ஆய்வை விட்டு மருத்துவப் பணிக்குச் சென்றுவிட்டார். வேதித் தூதின் கருத்து அதன்பின் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் கேட்பாரின்றிக் கிடந்தது.

அதற்குள் ஹென்றி டேல் வேறொரு நஞ்சிலிருந்து கிளம்பியிருந்தார். ரை தானியக் கதிர்களில் வளரும் எர்காட் பூஞ்சையில் அசிட்டைல்கோலின் என்ற எளிய பொருள் இருப்பதை அவருடைய குழு கண்டது. அதன் விளைவுகளை ஆராய்ந்த டேல் 1914-இல் அவற்றை இரண்டாகப் பிரித்தார். இதயத்தைத் தளர்த்துவது, உமிழ்நீரையும் கண்ணீரையும் பெருக்குவது போன்றவை மஸ்கரினின் விளைவுகளை ஒத்தவை, அட்ரோபினால் தடுக்கப்படுபவை. நரம்பு முடிச்சுகளைத் தூண்டுவது போன்றவை நிகோட்டினின் விளைவுகளை ஒத்தவை, அட்ரோபினுக்கு அசையாதவை. ஒரே தூதுப்பொருள், இரு வகை வரவேற்பு. மஸ்கரின் வகை, நிகோட்டின் வகை என்னும் இந்தப் பாகுபாடு இன்றும் ஏற்பிகளின் பெயர்களிலேயே நிற்கிறது. வியப்பான செய்தி என்னவென்றால், டேல் தாம் பிரித்தவை இரு வேறு ஏற்பிகள் என்று சொல்ல மறுத்தார். கண்ணால் காணாத ஒன்றுக்குப் பெயர் சூட்டுவதில் அவருக்கு உடன்பாடில்லை.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி 1921-இல் வெளியிட்ட சோதனை எலியட்டின் ஊகத்துக்கு உயிர் கொடுத்தது. இரு தவளை இதயங்கள் உப்புக் கரைசல் நிரப்பப்பட்டுத் துடித்துக்கொண்டிருந்தன. முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தளர்த்தியபின், அதற்குள்ளிருந்த கரைசலை எடுத்து, நரம்புத் தூண்டல் எதுவும் பெறாத இரண்டாம் இதயத்தில் விட்டதும் அதன் துடிப்பும் தளர்ந்தது; வேகமூட்டும் நரம்பைத் தூண்டி எடுத்த கரைசல் இரண்டாம் இதயத்தையும் விரைவுபடுத்தியது. நரம்பு தூண்டப்பட்ட இதயம் கரைசலில் ஏதோ ஒரு பொருளை விட்டிருந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. வேறு ஆய்வுக்கூடங்களில் பலமுறை இச்சோதனை பொய்த்ததற்குக் காரணம், அந்தப் பொருளைச் சிதைக்கும் நொதி ஒன்று திசுவிலேயே இருந்ததுதான். மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் பகுதியில் குற்றம் சாட்டப்பட்டவரின் உண்மையைச் சோதிக்க உண்ணக் கொடுக்கப்பட்ட ஒரு நச்சு அவரையின் எஸரின், அந்த நொதியை முடக்கிவிடுகிறது என்பதை 1926-இல் லோவியும் நவ்ராட்டிலும் காட்டியபின் ஐயங்கள் குறைந்தன. நாஜிகளால் 1933-இல் பெர்லினில் வேலையிழந்து லண்டன் சேர்ந்த வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க், எஸரினில் ஊறிய அட்டைத் தசை அசிட்டைல்கோலினின் மிக நுண்ணிய அளவுக்கும் சுருங்கும் என்ற நுட்பத்தைத் தம்முடன் கொண்டுவந்தார். அதைக் கொண்டு டேலின் ஆய்வுக்கூடம், எலும்புத் தசைகளின் நரம்பு முனையிலும் இதே பொருளே வெளியாகிறது என்று 1936-க்குள் நிறுவியது. அந்த ஆண்டு டேலுக்கும் லோவிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் ஆஸ்திரியா நாஜிகள் வசமாக, யூதரான லோவி சிறை வைக்கப்பட்டு, பரிசுத் தொகையை அவர்களிடம் ஒப்படைத்த பின்னரே நாட்டை விட்டு வெளியேற விடப்பட்டார்.

தூதுப்பொருள் இவ்வாறு குடுவையில் பிடிபட்டுவிட, அதை ஏற்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஏ. ஜே. கிளார்க் 1926-இல் தவளை இதயத்தில் அசிட்டைல்கோலினின் அளவையும் விளைவையும் வரிசையாக அளந்து, விளைவை ஏற்படுத்தப் போதுமான மூலக்கூறுகள் செல்லின் மேற்பரப்பில் மிக மிகச் சிறு பங்கையே மூட முடியும் என்று கணக்கிட்டார். ஆகவே மருந்து செல் முழுவதன் மேலும் படியவில்லை, தனித்த சில இடங்களில்தான் பற்றுகிறது. ஏற்பி என்பது எண்ணிக்கை கொண்ட பொருளாக முதன்முதலில் பேசப்பட்டது இங்கேதான்.

அமெரிக்காவில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948-இல், அட்ரினலினோடு உறவுடைய பொருள்கள் பலவற்றை உறுப்பு உறுப்பாகச் சோதித்து, அவற்றின் வலிமை வரிசை எல்லா உறுப்புகளிலும் ஒன்றாக இல்லை, இரண்டே வகை வரிசைகள் உள்ளன என்று கண்டார். எனவே அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என இரு ஏற்பிகள் உண்டு என்றார். முதலில் அனுப்பிய இதழ் அக்கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. வேறோர் இதழில் வெளிவந்தபின்னும் பத்தாண்டுகள் அதைக் கவனித்தவர் சிலரே. கவனித்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிளாக். மார்பு நெரிப்பு நோயாளிக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்ட முயல்வதற்கு மாறாக, இதயத்தின் பீட்டா ஏற்பியை மறித்து அதன் வேலைப் பளுவைக் குறைத்தாலென்ன என்று எண்ணிய அவர், 1960-களின் தொடக்கத்தில் புரோப்ரனலாலை உருவாக்கினார். பின்னர் இதே வழியில் இரைப்பைப் புண்ணுக்கான சிமெடிடினையும் கண்டார். யாரும் காணாத பொருளை நம்பிச் செய்யப்பட்ட மருந்துகள் இலட்சக்கணக்கானோரின் உயிரைக் காத்தபோதும், ஆல்குவிஸ்ட் தமக்கு ஏற்பி என்பது ஒரு கருத்துருவமே என்று 1970-களிலும் எழுதிக்கொண்டிருந்தார்.

ஏற்பி பெற்ற செய்தி செல்லின் உள்ளே என்னவாகிறது என்ற கேள்வியை எர்ல் சதர்லாந்து கிளீவ்லாந்தில் எடுத்துக்கொண்டார். கல்லீரல் செல்களை அரைத்துக் கூழாக்கி அட்ரினலினைச் சேர்த்தால், சேமிப்புச் சர்க்கரையைப் பிரிக்கும் நொதி முடுக்கம் பெற்றது. சவ்வுத் துணுக்குகளைச் சுழற்றிப் பிரித்து அகற்றிவிட்டால் அட்ரினலின் பயனற்றுப் போயிற்று. அகற்றிய துணுக்குகளில் மட்டும் அட்ரினலினைச் சேர்த்து, கொதிக்க வைத்து, அந்த நீரைத் தெளிந்த பகுதியில் ஊற்றியதும் நொதி முடுக்கம் பெற்றது. சவ்வு ஹார்மோனை வாங்கிக்கொண்டு, வெப்பத்துக்கும் அழியாத சிறிய பொருள் ஒன்றை உள்ளே அனுப்புகிறது என்பது இதன் பொருள். சுழல் ஏ.எம்.பி. எனப்படும் அந்த இரண்டாம் தூதுவர், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யிலிருந்து உருவாகிறது, அந்த ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து 1929-இல் ஃபிஸ்க்குடன் சேர்ந்து பிரித்தெடுத்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று ஹார்வர்டு சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. ஏற்பிக்கும் இரண்டாம் தூதுவரை உண்டாக்கும் நொதிக்கும் இடையே ஜி.டி.பி. என்னும் மூலக்கூறின் துணையோடு இயங்கும் இடைத்தரகர் ஒருவர் இருப்பதை மார்ட்டின் ராட்பெல் 1970-களின் தொடக்கத்தில் உணர்த்தினார். ஜி புரதம் எனப்படும் அதை ஆல்ஃபிரட் கில்மனின் குழு 1980-இல் பிரித்தெடுத்தது. ஈஸ்ட்ரோஜன் போன்ற கொழுப்பில் கரையும் ஹார்மோன்கள் இந்த ஏற்பாட்டைத் தவிர்த்துச் செல்லின் உள்ளேயே சென்று தம் ஏற்பிகளை அடைவதை, கதிரியக்க ஹைட்ரஜன் பொதிந்த ஹார்மோனைக் கொண்டு எல்வுட் ஜென்சன் 1950-களின் இறுதியில் சிகாகோவில் காட்டத் தொடங்கியிருந்தார்.

ஏற்பியைக் கையில் பிடித்துத் தந்தது மீண்டும் ஒரு நஞ்சுதான். தமிழ்நாட்டின் கட்டுவிரியனுக்கு நெருங்கிய உறவான தைவான் நாட்டுக் கட்டுவிரியனின் விடத்திலிருந்து சாங்கும் லீயும் 1963-இல் தைபேயில் பிரித்த ஆல்ஃபா பங்காரோடாக்சின், தசையின் நிகோட்டின் வகை ஏற்பியைப் பற்றினால் எளிதில் விடாது. கழுவினால் போய்விடும் மருந்துகளோடு போராடிய ஆய்வாளருக்கு, விடாப்பிடியாக நிற்கும் இந்த விடம் கிடைத்தற்கரிய கருவி. ஏற்பி மிகுதியாக உள்ள திசுவும் தேவைப்பட்டது. மின்விலாங்கு, மின்திருக்கை ஆகியவற்றின் மின்னுறுப்புகள் உருமாறிய தசைச் செல்களால் ஆனவை, அந்த ஏற்பிகளால் நிறைந்தவை. விலாங்கின் மின்னுறுப்பிலிருந்து இந்த ஏற்பியைப் பாரிசில் ழான்-பியர் ஷான்ஷூ, லீயுடன் சேர்ந்து 1970-இல் இனங்கண்டார். கியோட்டோவில் ஷோசாகு நூமாவின் குழு 1980-களின் தொடக்கத்தில் அதன் மரபணுக்களைப் படித்தது: ஐந்து புரதத் துணுக்குகள் வளையமாக நின்று, நடுவில் அயனிகள் செல்லும் துளையை அமைக்கின்றன, அசிட்டைல்கோலின் பற்றியதும் துளை திறக்கிறது. கோழியின் விறைத்த காலில் லாங்லி உய்த்துணர்ந்த ஏற்கும் பொருள் இதுவே.

அட்ரினலினின் ஏற்பி இன்னும் கடினமானது. செல்லில் அதன் அளவு மிகக் குறைவு. டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் கதிரியக்கம் ஏற்றிய மருந்துகளைக் கொண்டு அதைத் தேடி, தவளையின் சிவப்பணுக்கள் உள்ளிட்ட திசுக்களிலிருந்து பல ஆண்டு உழைப்பில் தூய்மைப்படுத்தினார். 1986-இல் அதன் மரபணு படிக்கப்பட்டபோது, சவ்வை ஏழு முறை ஊடுருவும் அந்தப் புரதம், விழித்திரையில் ஒளியை உணரும் ரோடாப்சினின் அமைப்பை ஒத்திருந்தது. ஒளி, மணம், ஹார்மோன், நரம்புக் கடத்தி என வெவ்வேறு செய்திகளை ஒரே குடும்பப் புரதங்கள் ஏற்கின்றன என்பது அதனால் வெளிப்பட்டது. மனிதரில் அக்குடும்பத்தில் ஏறத்தாழ 800 உறுப்பினர்கள் உண்டு, இன்று பயன்படும் மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவற்றின்மேல் செயல்படுகின்றன. பிரையன் கோபில்கா 2011-இல் இந்த ஏற்பி ஜி புரதத்தோடு கூடி நிற்கும் நிலையைப் படிகமாக்கி வெளியிட்டார். நிலையற்ற அந்தக் கூட்டை அசையாமல் நிறுத்த லாமா விலங்கின் எதிர்ப்பொருள் துண்டு ஒன்று உதவியது. எதிர்ப்பொருள்களை விளக்கவே எர்லிக் ஏற்பி என்ற சொல்லை உருவாக்கினார் என்பதை எண்ணிப் பார்க்கையில், இரு வரலாறுகளும் இங்கே சந்தித்ததாகத் தோன்றுகிறது.

இந்த நூறாண்டு உழைப்பின் பயன் மருந்துத் தொழிற்சாலைகளோடு நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளுக்கு ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் நஞ்சேறி வருவோர் உண்டு. அம்மருந்து, எஸரினைப் போலவே, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகிறது. தூதுப்பொருள் அழியாமல் தேங்க, கண்பாவை சுருங்கி, உமிழ்நீரும் வியர்வையும் பெருகி, மூச்சுக்குழாய்களில் சளி நிறைந்து, தசைகள் துடித்து, பின் செயலிழக்கின்றன. மருத்துவர்கள் அட்ரோபினைத் திரும்பத் திரும்பச் செலுத்துகிறார்கள். மூச்சுக்குழாய்ச் சளி வறண்டு, நெஞ்சு தெளிவாகிறது. ஏனெனில் அங்கே இருப்பவை மஸ்கரின் வகை ஏற்பிகள். மூச்சிழுக்கும் தசைகளில் இருப்பவை நிகோட்டின் வகை ஏற்பிகள் என்பதால் அட்ரோபின் எவ்வளவு சென்றாலும் அவற்றின் செயலிழப்பு நீங்குவதில்லை. அந்த நோயாளிக்குத் தசை வலுப்பெறும்வரை செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படுகிறது.